ஆர்க்காட்டு நவாப் பதவியும் அந்நியப் படைகளும்

ஒரு நாட்டின் படை வேறொரு நாட்டுக்குள் புகுந்து, தனக்கு வேண்டியவரை அரியணையில் அமர்த்தி, அவர் பெயரால் வரி வாங்குவது பத்தொன்பதாம் நூற்றாண்டு மெக்சிகோவோடு சேர்த்து அதிகம் பேசப்படுகிறது. பிரெஞ்சுப் பேரரசர் மூன்றாம் நெப்போலியன் ஆஸ்திரிய இளவரசர் மாக்சிமிலியனை 1864இல் மெக்சிகோவின் பேரரசராக்கினார். ஆனால் அதற்கு 115 ஆண்டுகளுக்கு முன்பே பிரெஞ்சுக்காரர்கள் இந்த வேலையைத் தமிழ்நாட்டில் செய்து பார்த்துவிட்டார்கள். 1749இல் சந்தா சாகிபை ஆர்க்காட்டு நவாபாக அமர்த்தியவர் புதுச்சேரி ஆளுநர் துய்ப்ளே. அவருக்குப் போட்டியாக ஆங்கிலேயர் முகமது அலியை நிறுத்தினார்கள். இந்த இரு நியமனங்களும் தென்னாட்டின் அடுத்த நூறாண்டைத் தீர்மானித்தன. ஆர்க்காட்டு ஆட்சிக்கு வெளியே, மைசூர் ஆதிக்கத்தில் இருந்த சேலமும் சேர்வராயன் மலையும்கூட இந்தப் போட்டியின் விளைவிலிருந்து தப்பவில்லை.

போட்டிக்கு வழி திறந்த அரசு

கர்நாடகம் என்று அன்று அழைக்கப்பட்டது கிருஷ்ணைக்குத் தெற்கே கிழக்குக் கரையோரமாக நீண்ட நிலம். அதை ஆண்ட ஆர்க்காட்டு நவாப், ஐதராபாத் நிசாமுக்குக் கட்டுப்பட்டவர். நிசாம், டெல்லி முகலாயருக்குக் கட்டுப்பட்டவர். காகிதத்தில் இருந்த இந்த அடுக்கு நடைமுறையில் எப்போதோ தளர்ந்துபோயிருந்தது. 1740 மே மாதம் தாமல்செருவுக் கணவாயில் மராத்தியர் நவாப் தோஸ்த் அலியைக் கொன்றனர். அவர் மகன் சப்தர் அலி 1742இல் வேலூரில் உறவினராலேயே கொல்லப்பட்டார். சப்தர் அலியின் சிறுவயது மகனும் 1744இல் கொலையுண்டான். பழைய குடும்பம் இப்படி அழிந்ததும், நிசாம் தன் ஆளான அன்வருத்தீன் கானை நவாபாக்கினார். அவர் வடநாட்டிலிருந்து வந்தவர். ஆர்க்காட்டில் அவருக்கு வேர் கிடையாது.

தோஸ்த் அலியின் மருமகன் சந்தா சாகிப் உள்ளூர்ச் செல்வாக்கும் பேராசையும் நிறைந்தவர். திருச்சிராப்பள்ளியை ஆண்ட நாயக்க அரசி மீனாட்சியிடம் நட்புச் சத்தியம் செய்து கொடுத்து, பிறகு கோட்டையைக் கைப்பற்றியவர் அவர். குர்ஆன் என்று சொல்லித் துணி சுற்றிய ஒரு செங்கல்லின் மேல் கைவைத்துச் சத்தியம் செய்தார் என்பது வழிவழியாக வரும் செய்தி. மீனாட்சி நஞ்சுண்டு மாண்டார். 1741இல் மராத்தியர் திருச்சியைப் பிடித்து, சந்தா சாகிபைச் சதாராவுக்குக் கைதியாகக் கொண்டுபோனார்கள். அவர் மனைவி மக்களுக்குப் புதுச்சேரி அடைக்கலம் கொடுத்தது. பிரெஞ்சுக்காரருக்கும் அவருக்கும் ஏற்பட்ட பிணைப்பு இங்கே தொடங்குகிறது.

பிரெஞ்சுக்காரரின் தன்னம்பிக்கைக்கு இன்னொரு காரணம் அடையாற்றங்கரை. 1746இல் அவர்கள் சென்னையைப் பிடித்தபோது, அன்வருத்தீன் தன் மகன் மாபூஸ் கானைப் பெரும் படையோடு அனுப்பினார். பாரதி என்னும் தளபதியின் கீழ் ஆயிரத்துக்கும் குறைவான பிரெஞ்சு வீரரும் சிப்பாய்களும் அந்தப் படையைச் சிதறடித்தனர். வரிசையாக நின்று, ஆணைக்கேற்பத் தொடர்ந்து சுடும் பயிற்சி பெற்ற சிறுபடை ஒன்று ஒரு நவாபின் பெருஞ்சேனையை விரட்ட முடியும் என்பது அன்று வெளிப்பட்டது. அதுவரை நவாபின் அனுமதி கேட்டுக் கடை விரித்திருந்த வணிகர்கள், நவாபையே மாற்றலாம் என்று நினைக்கத் தொடங்கினார்கள்.

ஆம்பூர் முதல் செஞ்சி வரை

1748இல் நிசாம் உல் முல்க் இறந்தார். மகன் நாசர் ஜங்கும் மகள் வயிற்றுப் பேரன் முசாபர் ஜங்கும் ஐதராபாத்துக்குப் போட்டியிட்டனர். அதே ஆண்டில் சந்தா சாகிப் விடுதலையானார். அவரும் முசாபர் ஜங்கும் துய்ப்ளேயும் சேர்ந்து ஒரே திட்டத்தை வகுத்தனர்: ஐதராபாத் முசாபருக்கு, ஆர்க்காடு சந்தா சாகிபுக்கு, இருவரையும் தாங்கும் படை பிரெஞ்சுக்காரருடையது. 1749 ஆகஸ்ட் 3ஆம் நாள் ஆம்பூர்ப் போரில் அன்வருத்தீன் கொல்லப்பட்டார். அவர் மகன் முகமது அலி திருச்சிக்கு ஓடினார். சந்தா சாகிப் நவாபானார். நன்றிக் கடனாக வில்லியனூர், பாகூர் உள்ளிட்ட எண்பது ஊர்கள் அளவில் புதுச்சேரிக்குக் கிடைத்தன.

புதிய நவாபின் முதல் நடவடிக்கையே இந்த ஆட்சி எதன் மேல் நின்றது என்பதைக் காட்டிவிட்டது. முகமது அலி ஒளிந்திருந்த திருச்சியை உடனே முற்றுகையிட வேண்டும் என்பது துய்ப்ளேயின் விருப்பம். சந்தா சாகிபோ தஞ்சாவூருக்குப் போனார். படைக்குச் சம்பளம் கொடுக்கக் கையில் காசில்லை. தஞ்சையில் பணம் இருந்தது. மராத்திய மன்னர் பிரதாப சிங் பேச்சை வளர்த்துக்கொண்டே போய், 70 லட்சம் ரூபாய் தருவதாக ஒப்புக்கொண்டு, கொஞ்சங்கொஞ்சமாக எண்ணிக் கொடுத்து நாள் கடத்தினார். அதற்குள் நாசர் ஜங் பெரும் படையோடு தெற்கே வந்துவிட்டார். அந்நியப் படையால் அமர்ந்தவருக்கு எதிரியைவிட முதலில் கூலிப் படையே பயமாக இருந்தது. தொடர்ந்து வந்த அத்தனை நவாபுகளுக்கும் இந்த நிலைதான்.

நாசர் ஜங் வந்ததும் முசாபர் ஜங் சரணடைந்து கைதியானார். ஆனால் 1750 செப்டம்பரில் பிரெஞ்சுத் தளபதி புஸ்ஸி செஞ்சிக் கோட்டையை ஒரே இரவில் கைப்பற்றினார். முன்பு மராத்திய மன்னர் ராஜாராம் அவுரங்கசீப்பின் படையை எதிர்த்து ஏறத்தாழ எட்டு ஆண்டுகள் தாக்குப்பிடித்த கோட்டை அது. டிசம்பரில் நாசர் ஜங்கின் பாசறையிலேயே சதி முற்றி, கடப்பை நவாப் அவரைச் சுட்டுக்கொன்றார். முசாபர் ஜங் கைதிக் கூடாரத்திலிருந்து நேரே நிசாமின் சுபேதார் பதவிக்கு வந்தார்.

பதவியேற்பு விழா புதுச்சேரியில் நடந்தது. ஐதராபாத்தின் ஆட்சியாளர் ஒரு பிரெஞ்சு வணிகக் கம்பெனியின் துறைமுகத்தில் முடிசூடியதைவிட அந்தக் காலத்து அதிகாரத் தலைகீழ் மாற்றத்துக்கு வேறு சான்று தேவையில்லை. துய்ப்ளே முகலாயப் பிரபுவின் உடையில் வந்தார். ஏழாயிரம் குதிரைக்கான மன்சப் பட்டமும் மீன்கொடி விருதும் அவருக்கு வழங்கப்பட்டன. கிருஷ்ணையாற்றிலிருந்து குமரிமுனைவரை அவர் பெயரளவில் அதிகாரியானார். நாசர் ஜங் விழுந்த இடத்தில் துய்ப்ளே பத்தேகாபாத் என்று தன் வெற்றியின் பெயரால் ஓர் ஊரையும் எழுப்பத் தொடங்கினார். புதுச்சேரியின் தலைமைத் துபாஷி ஆனந்தரங்கப் பிள்ளை 1736 முதல் எழுதிவந்த நாட்குறிப்பு இந்தக் காலத்தை உள்ளிருந்து காட்டும் அரிய ஆவணம். பேரம், லஞ்சம், பரிசு, சம்பள பாக்கி என்று கணக்குப்பிள்ளையின் கண்ணோடு எழுதப்பட்டது அது. போர்க்களத்தை மட்டும் பேசும் ஐரோப்பிய நூல்களைவிட இந்த ஆட்சிகளின் உண்மையான உள்ளுறுப்பை அதுவே நன்றாகச் சொல்கிறது.

முசாபர் ஜங் ஐதராபாத் போய்ச் சேரவில்லை; 1751 தொடக்கத்தில் வழியிலேயே கொல்லப்பட்டார். உடன் சென்ற புஸ்ஸி தயங்காமல் நாசர் ஜங்கின் தம்பி சலாபத் ஜங்கை அந்த இடத்தில் அமர்த்தினார். படைச் செலவுக்கு ஈடாக 1753இல் வட சர்க்கார்கள் எனப்பட்ட வடகிழக்குக் கரையோரச் சீமைகள் பிரெஞ்சுக்காரர் கைக்கு வந்தன.

திருச்சியும் சந்தா சாகிபின் முடிவும்

எஞ்சியது திருச்சி. முகமது அலியை ஆங்கிலேயர் கைவிடாமல் இருந்ததற்குக் காரணம் அன்பல்ல. பிரெஞ்சு நவாப் நிலைத்தால் கரையோரத்தில் தங்கள் வணிகம் முடிந்துபோகும் என்ற கணக்குதான். 1751இல் ஆங்கிலேயத் தளபதி கிளைவ் 200 ஐரோப்பியரோடும் 300 சிப்பாய்களோடும் போய் ஆர்க்காட்டைப் பிடித்து, சந்தா சாகிபின் மகன் ராஜா சாகிபின் முற்றுகையை ஐம்பது நாள் தாங்கினார். ஆங்கில வரலாற்று நூல்கள் இதைப் பெரும் வீரகதையாகக் கொண்டாடுகின்றன. ஆனால் போரின் முடிவைத் தீர்மானித்ததில் முகமது அலி மைசூரோடு செய்த ரகசிய உடன்பாட்டுக்கு அதே அளவு பங்குண்டு. உதவிக்கு வந்தால் திருச்சியையே தருவதாக அவர் மைசூர் அமைச்சர் நஞ்சராஜாவுக்கு வாக்களித்திருந்தார். மைசூர்ப் படை வந்தது. மராத்தியர் முராரி ராவும் தஞ்சைப் படையும் வந்து சேர்ந்தனர்.

1752 ஜூனில் பிரெஞ்சுத் தளபதி லா ஸ்ரீரங்கம் தீவில் சூழப்பட்டார். சந்தா சாகிபைத் தப்பவிடப் பணம் பெற்றுக்கொள்ளச் சம்மதித்த தஞ்சைத் தளபதி மானாஜியிடம் அவரை ஒப்படைத்தார்கள். மானாஜி வாக்கை மீறினார். சந்தா சாகிபின் தலை வெட்டப்பட்டு முகமது அலிக்கு அனுப்பப்பட்டது. லாவும் சரணடைந்தார். துய்ப்ளேயின் வெற்றி ஊரைக் கிளைவ் அதற்கு முன்பே இடித்துத் தள்ளியிருந்தார்.

அதன்பின் நடந்த பேச்சு, இந்த ஆட்சிகளின் சட்ட அடிப்படை எவ்வளவு மெல்லியது என்பதைக் காட்டும். 1754 ஜனவரியில் டச்சுக்காரர் வசமிருந்த சதுரங்கப்பட்டினத்தில் இரு கம்பெனிகளின் பிரதிநிதிகளும் கூடினர். தங்கள் நவாபுக்குரிய டெல்லி, ஐதராபாத் ஆவணங்களை ஒவ்வொரு தரப்பும் முன்வைத்தது. ஒரு தரப்பின் முத்திரைகளை மறு தரப்பு சந்தேகித்தது. கர்நாடகத்தின் ஆட்சியுரிமை யாருக்கு என்பதை இரண்டு வெளிநாட்டு வணிகக் கம்பெனிகள் அரக்கு முத்திரையைப் பார்த்து வாதிட்டுக்கொண்டிருந்தன. வரி கொடுத்த உழவரோ நெசவாளரோ எந்தத் தரப்பின் வாதத்திலும் இடம்பெறவில்லை. பேச்சு முறிந்தது. அதே ஆண்டு பாரிஸ் இயக்குநர்கள் துய்ப்ளேயைத் திரும்ப அழைத்து, கோதே என்பவரை அனுப்பினர். 1763இல் துய்ப்ளே பாரிசில் கடன்பட்டு இறந்தார்.

அதே 1763இல் ஏழாண்டுப் போரை முடித்த பாரிஸ் உடன்படிக்கை, முகமது அலியைக் கர்நாடக நவாபாகவும் சலாபத் ஜங்கைத் தக்காணத்தின் சுபேதாராகவும் ஏற்றுக்கொண்டது. சலாபத் ஜங் அதற்கு முந்தைய ஆண்டே தம்பி நிசாம் அலியால் பதவியிறக்கப்பட்டிருந்தார். ஐரோப்பாவில் கையெழுத்திட்டவர்களுக்கு இது தெரியவுமில்லை, பொருட்டாகவுமில்லை.

மெக்சிகோ

மெக்சிகோவின் கதை இதே தடத்தில் தொடங்கி வேறு இடத்தில் முடிகிறது. குடியரசுத் தலைவர் பெனிட்டோ குவாரஸ் 1861இல் வெளிநாட்டுக் கடன் தவணையை நிறுத்தினார். பிரான்ஸ், பிரிட்டன், ஸ்பெயின் மூன்றும் கப்பல் அனுப்பின. மற்ற இரண்டும் விலகிக்கொள்ள, பிரான்ஸ் மட்டும் நாட்டைப் பிடிக்க முன்னேறியது. 1862 மே 5ஆம் நாள் புவெப்லாவில் தோற்றாலும், அடுத்த ஆண்டு தலைநகரைப் பிடித்தது. பழமைவாத நிலக்கிழார்கள் கூடிய ஓர் அவை முடியாட்சி வேண்டும் என்று தீர்மானித்தது. மாக்சிமிலியன் மிராமர் உடன்படிக்கையில் கையெழுத்திட்டபோது, தன்னை அமர்த்தும் பிரெஞ்சுப் படையின் செலவாக 27 கோடி பிராங்கை மெக்சிகோ தர வேண்டும் என்பதையும் ஏற்றுக்கொண்டார். தஞ்சையில் 70 லட்சத்துக்குக் காத்துக் கிடந்த சந்தா சாகிபின் அதே நெருக்கடிதான் இதுவும்: ஆட்சி தொடங்கும் முன்பே கஜானா அடகில் இருந்தது.

அமெரிக்க உள்நாட்டுப் போர் 1865இல் முடிந்து வாஷிங்டன் நெருக்கியதும், ஐரோப்பாவில் பிரஷ்யா வலுத்ததும், நெப்போலியன் படையைத் திரும்ப அழைத்தார். பேரரசி கார்லோட்டா பாரிசுக்கும் ரோமுக்கும் போய் மன்றாடியும் பயனில்லை. 1867 ஜூன் 19ஆம் நாள் கெரேத்தரோவில் மாக்சிமிலியன் சுட்டுக்கொல்லப்பட்டார். குவாரசின் குடியரசு திரும்பியது. மெக்சிகோவில் எதிர்ப்புக்கு ஓர் அரசியல் சட்டமும், அதைச் சுமந்தபடி ஊர் ஊராக நகர்ந்த ஓர் அரசும் இருந்தன. கர்நாடகத்தில் 1750களில் அப்படி எதுவும் இல்லை. பிரெஞ்சு நவாப் போனதும் ஆங்கிலேய நவாப் வந்தார். வென்ற பொம்மை ஆட்சி தோற்றதைவிடக் கொடியதாக இருந்தது. அது நாற்பது ஆண்டுகளுக்கு மேல் நீடித்தது.

நவாபின் கடன்

முகமது அலி வாலாஜா 1795வரை நவாபாக இருந்தார். சேப்பாக்கத்தில் மாளிகை கட்டி, ஆங்கிலேயக் கம்பெனி அதிகாரிகளுக்கு நடுவே வாழ்ந்தார். கம்பெனிக்குப் போர்ச்செலவு கொடுக்க, அதே கம்பெனியின் ஊழியர்களிடம் கொடிய வட்டிக்கு வாங்கினார். ஈடாகச் சீமைகளின் வருவாயை எழுதிக் கொடுத்தார். பால் பென்பீல்டு போன்றவர்கள் இதில் பெருஞ்செல்வர் ஆகி, லண்டன் நாடாளுமன்றத்தில் இடங்களையே வாங்கினார்கள். 1785இல் எட்மண்ட் பர்க் இந்தக் கடன்களைப் பற்றி நாடாளுமன்றத்தில் நிகழ்த்திய நீண்ட உரை இந்த ஊழலின் மேல் விழுந்த கடும் வெளிச்சம்.

வசூலுக்கு நவாபின் பெயரும் கம்பெனியின் துப்பாக்கியும் சேர்ந்து போயின. 1755இல் கர்னல் ஹெரானும் மாபூஸ் கானும் திருநெல்வேலிச் சீமைக்குப் போனபோது நெற்கட்டும்செவல் புலித்தேவன் கிஸ்தி கொடுக்க மறுத்து நின்றார். 1772இல் நவாபின் படையும் கம்பெனிப் படையும் காளையார்கோவிலில் சிவகங்கை மன்னர் முத்துவடுகநாதரைக் கொன்றன. அவர் மனைவி வேலுநாச்சியார் மைசூர் ஹைதர் அலியின் ஆதரவில் விருப்பாட்சியில் தங்கி, 1780இல் நாட்டை மீட்டார். பாளையக்காரர் போர்கள் என்று பள்ளிப் புத்தகங்கள் தனியே பிரித்துச் சொல்பவை உண்மையில் அமர்த்தப்பட்ட ஒரு நவாபின் கடன் வசூலுக்கு எதிராக எழுந்தவை. இரண்டையும் பிரித்துப் படித்தால் இரண்டுமே புரியாது.

சேலமும் சேர்வராயன் மலையும்

திருச்சியைத் தருவதாகச் சொன்ன வாக்கை முகமது அலி காப்பாற்றவில்லை. ஏமாந்த மைசூர்ப் படையில் ஓர் அதிகாரியாக இருந்தவர் ஹைதர் அலி. பிரெஞ்சுப் பீரங்கி முறையை அவர் அறிந்துகொண்டது இந்தத் திருச்சி முற்றுகைக் காலத்தில். 1755இல் திண்டுக்கல் பவுஜ்தார் (படை ஆளுநர்) ஆனார். சில ஆண்டுகளில் மைசூரே அவர் கைக்கு வந்தது. சேலமும் அதற்கு வடக்கே இருந்த பாராமகாலும் அப்போது மைசூரின் கீழ் இருந்தன. 1760இல் புதுச்சேரி நெருக்கடியில் இருந்தபோது, பிரெஞ்சுத் தளபதி லாலி தியாகதுர்க்கத்தைக் கொடுத்து ஹைதரின் உதவியை வாங்கினார். ஹைதரின் மைத்துனர் மக்தூம் அலி படையோடு கீழ்நாட்டுக்கு இறங்கினார்.

மலையின் நில அமைப்பைப் பார்த்தால் இந்தப் பகுதி ஏன் போர்ப் பாதையானது என்பது விளங்கும். சேர்வராயன் மலைத்தொடர் சேலத்துக்கு வடக்கே 1,600 மீட்டர் உயரம்வரை எழுகிறது. வடமேற்கே தொப்பூர்க் கணவாய், வடகிழக்கே மஞ்சவாடிக் கணவாய், தென்கிழக்கே ஆத்தூர் வழி. மைசூர் மேட்டுநிலத்திலிருந்து கரையோரத்துக்கு இறங்கும் படையும் பொதிமாட்டு வணிகரும் இந்த வழிகளில் ஒன்றைப் பிடித்தாக வேண்டும். முதல் மைசூர்ப் போரில் 1768இல் ஆங்கிலேயர் சேலத்தைப் பிடித்தனர். அவ்வாண்டு முடிவதற்குள் ஹைதர் திரும்ப எடுத்துக்கொண்டார். கீழே ஊர்கள் மாறிமாறிக் கைமாறியபோது, மேலே மலையாளிப் பழங்குடி மக்கள் தினையும் கேழ்வரகும் பயிரிட்டு, சேர்வராயனைக் கும்பிட்டு வாழ்ந்துவந்தனர். காஞ்சிபுரத்திலிருந்து வந்த அண்ணன் தம்பிகள் சேர்வராயன், கொல்லி, பச்சை மலைகளில் குடியேறிய வழியினர் என்பது அவர்கள் தம்மைப் பற்றிச் சொல்லும் மரபு.

1792 மார்ச்சில் ஸ்ரீரங்கப்பட்டினத்தில் ஹைதரின் மகன் திப்பு சுல்தான் கையெழுத்திட்ட உடன்படிக்கையால் பாராமகாலும் சேலமும் திண்டுக்கல்லும் கம்பெனிக்கு வந்தன. இங்கே நவாப் என்ற இடைத்திரை தேவைப்படவில்லை. கேப்டன் அலெக்சாண்டர் ரீடும் அவர் உதவியாளர் தாமஸ் மன்றோவும் நேரடியாக நிலம் அளந்து உழவரிடமே வரி வைத்தார்கள். ரயத்துவாரி முறை இங்கே பிறந்தது. ஆர்க்காட்டில் நாற்பதாண்டு பொம்மை ஆட்சி நடத்திப் பார்த்த கம்பெனி, சேலத்தில் முகமூடியைக் கழற்றிவிட்டது. 1820களில் சேலம் கலெக்டர் எம்.டி. காக்பர்ன் ஏற்காட்டில் காப்பி பயிரிட வைத்தார். அதன்பின் ஐரோப்பியத் தோட்டங்கள் மலை முகடுகளில் பரவின. மலையாளிகள் தங்கள் மலையிலேயே தோட்டக் கூலிகளானார்கள். எந்த உடன்படிக்கையிலும் அவர்கள் பெயர் இல்லை.

கடைசி நவாபுகள்

1799இல் திப்பு வீழ்ந்த பிறகு, ஸ்ரீரங்கப்பட்டினத்தில் கிடைத்த கடிதங்களைக் காட்டி, முகமது அலியும் அவர் மகன் உம்தத் உல் உமராவும் திப்புவோடு தொடர்பு வைத்தார்கள் என்று கம்பெனி குற்றம் சாட்டியது. 1801 ஜூலையில் உம்தத் இறந்தார். அவர் மகன் அலி உசேன் ஆட்சியை விட்டுக்கொடுக்க மறுத்தார். உடனே இன்னோர் உறவினரான அசீம் உத் தவுலாவைக் கண்டுபிடித்து, அவரிடம் கையெழுத்து வாங்கிக்கொண்டு நவாபாக்கினார்கள். வருவாயில் ஐந்தில் ஒரு பங்கு அவருக்கு. நாடு முழுவதும் கம்பெனிக்கு. 1749இல் துய்ப்ளே தொடங்கிய முறை இங்கே முழு வடிவம் பெற்றது.

அதற்கு ஒரு மாதம் முன்பு, 1801 ஜூன் 16ஆம் நாள், சிவகங்கைச் சின்ன மருதுவின் ஜம்புத்தீவு அறிக்கை திருச்சிக் கோட்டையிலும் ஸ்ரீரங்கம் கோவிலிலும் ஒட்டப்பட்டது. ஐரோப்பியருக்கு இடம் கொடுத்தவர் நவாப் முகமது அலி என்று அது வெளிப்படையாகவே குற்றம் சாட்டியது. எல்லாச் சாதியினரையும் ஆயுதம் ஏந்த அழைத்தது. அமர்த்தப்பட்ட அரசனையும் அமர்த்திய அந்நியரையும் ஒருசேரக் கண்டித்த அந்த அறிக்கை, மெக்சிகோவில் குவாரஸ் விடுத்த அறைகூவலுக்கு அறுபது ஆண்டு மூத்தது. தமிழ்நாட்டு அரசியல் ஆவணங்களில் அதற்குரிய இடம் இன்னும் கொடுக்கப்படவில்லை. அக்டோபர் 24ஆம் நாள் மருது சகோதரர் திருப்பத்தூரில் தூக்கிலிடப்பட்டனர்.

1855இல் நவாப் குலாம் கவுஸ் கான் வாரிசின்றி இறந்ததும் பதவி ஒழிக்கப்பட்டது. கடன் விவகாரம் அதற்கு முன்பே தனியாக முடிந்திருந்தது. நவாபின் பழைய கடன்களை விசாரிக்க 1805இல் அமர்ந்த ஆணையம் இருபத்தைந்து ஆண்டுகள் வேலை செய்தது. வந்து சேர்ந்த கோரிக்கைகள் 3 கோடி பவுனுக்கு மேல். நேர்மையானவை என்று ஏற்கப்பட்டவை ஏறத்தாழ 27 லட்சம் பவுன். அந்தத் தொகையையும் கர்நாடகத்தின் நிலவரியிலிருந்தே கட்டினார்கள்.